பக்கவாத்தியமும் பாடமும்: ஒரு கர்நாடக வயலின் கலைஞரின் தொழில் எப்படி உருவாகிறது?

டி. என். கிருஷ்ணனின் வாழ்க்கையை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ரசிகர்களுக்குத் தெரிந்தது. 1928-ல் கேரளத்தின் திருப்பூணித்துறையில் பிறந்தவர். அப்பா நாராயண ஐயரிடம் வயலின் கற்றுச் சிறுவனாகவே மேடை ஏறினார். அரியக்குடி, செம்பை, முசிறி, செம்மங்குடி, ஆலத்தூர் சகோதரர்கள் என்று ஒரு தலைமுறையின் பெரிய வித்வான்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்தார். 1980-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம், 1992-ல் பத்ம பூஷண். மியூசிக் அகாடமியில் கிறிஸ்துமஸ் காலை அவர் வாசிக்கும் கச்சேரிக்கும், கடைசியில் அவர் எடுக்கும் கிறிஸ்துமஸ் மெட்டுக்கும் என்றே வருகிற ஒரு கூட்டம் இருந்தது. 2020 நவம்பரில் அவர் மறைந்தபோது ரசிகர்கள் பேசியதெல்லாம் அந்த இனிமையான வில்லைப் பற்றித்தான்.

இன்னொன்று, மாதச் சம்பளம் வாங்கிய கிருஷ்ணனின் கதை. சென்னை இசைக் கல்லூரியில் வயலின் சொல்லிக்கொடுத்தவர். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இசை, நுண்கலைப் புலத்தின் டீன். தேர்வு, பாடத்திட்டம், மாணவர் சேர்க்கை, கோப்பு என்று பல ஆண்டுகள் கழிந்த வாழ்க்கை அது. இந்தக் கதையை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. பட்டங்களின் பட்டியலில் ஒரு வரியாக வந்துபோகும்.

கர்நாடக இசையில் ஒரு வயலின் கலைஞர் எப்படி வாழ்கிறார் என்று புரிந்துகொள்ள, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வாத்தியார் வேலையை மேடையில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாக நினைப்பவர்கள் உண்டு. வயலின் விஷயத்தில் அந்த நினைப்புக்கு ஆதாரமே இல்லை. பக்கவாத்தியம் வாசிப்பதற்கும் பாடம் சொல்வதற்கும் வேண்டியது ஒரே திறமை: இன்னொருவர் இசையைக் கேட்ட மாத்திரத்தில் அவர் எங்கே போகிறார் என்று பிடிப்பது.

அந்தத் திறமை எப்படி வளர்கிறது என்பதைக் கச்சேரி மேடையிலேயே பார்க்கலாம்.

வயலின் நமக்கு வந்து 200 ஆண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வாசித்ததில் மகிழ்ந்து, சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஐரோப்பாவில் நின்றுகொண்டு தாடையால் அழுத்திப் பிடிக்கும் வாத்தியத்தை நம்மவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது கணுக்காலில் சாய்த்து வாசிக்கத் தொடங்கினார்கள். இது வெறும் வசதிக்கான மாற்றம் என்று தோன்றலாம். ஆனால் விளைவு பெரியது. வாத்தியத்தின் எடையைக் காலும் மார்பும் தாங்கிக்கொள்வதால் இடது கைக்குத் தாங்கும் வேலை இல்லை. அது தந்தியின் மேல் மேலும் கீழும் தாராளமாக வழுக்கிப் போகலாம். ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பிறப்பது அந்த வழுக்கலில்தான். விரல் தடையில்லாமல் ஓட நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறவர்களும் உண்டு. சுருதியும் மாறியது. ச-ப-ச-ப என்று நான்கு தந்திகளையும் பாடகரின் ஆதார சுருதிக்கே கூட்டிவிடுவார்கள்.

அதாவது வயலினுக்கு என்று சொந்தமான சுருதி கிடையாது, பாடுகிறவர் சுருதிதான். ஆண் குரல் என்றால் ஒன்று, ஒன்றரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). மறுநாள் பெண் பாடகி என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டை. தந்தியின் இழுவை மாறும், வில்லின் அழுத்தம் மாறும், விரல் விழும் இடத்தின் உணர்வே மாறும். இதற்காகவே இரண்டு வயலின் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

மேடையில் உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. பாடகர் என்ன பாடப்போகிறார் என்பதே சில சமயம் அவர் வாய் திறந்த பிறகுதான் தெரியும். கீர்த்தனையை வயலினும் கூடவே வாசிக்க வேண்டும். ஒரே கீர்த்தனைக்குப் பல பாடாந்தரங்கள், அதாவது பாடும் வழிகள், உண்டு. அரியக்குடி வழியில் வந்தவர் ஒரு சங்கதியை (ஒரே வரியை மாற்றிப் பாடும் வடிவம்) ஒரு மாதிரி முடிப்பார், செம்மங்குடி வழியில் வந்தவர் வேறு மாதிரி முடிப்பார். வயலின்காரருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பாட்டு என்றாலும் கண்ணிமைக்கும் நேரம் பின்தங்கி நிழல் போலத் தொடர வேண்டும். கேட்பவருக்கு அந்தப் பின்தங்கல் தெரியக் கூடாது. சொற்கள் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தை வயலின் நிரப்பும். பிறகு வயலினுக்குத் தனியாக வாய்ப்பு வரும். அப்போது அதே ராகத்தைப் பாடகரைவிடச் சுருக்கமாக, அவர் தொட்ட இடங்களை மதித்து, அதற்குள் தன் கற்பனையையும் காட்ட வேண்டும். மேடையிலேயே கற்பனை செய்து ஸ்வரம் பாடும் கல்பனா ஸ்வரத்தில் இன்னும் கடினம். கடைசியில் பாடகர் ஒரு கோர்வை, அதாவது தாளக் கணக்கோடு முடியும் ஸ்வரத் தொகுப்பு, வைப்பார். அந்தக் கணக்கை ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, தாளம் தப்பாமல் அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும்.

ஒரு டிசம்பர் சீசனில் பாடகர் பாடுவதைவிட அதிகக் கச்சேரிகள் பக்கவாத்தியக்காரருக்கு அமையும். காலையில் ஒரு சபாவில் ஒரு பாடகருக்கு, மாலையில் இன்னொரு சபாவில் வேறொருவருக்கு என்று. இப்படி 20 ஆண்டு வாசித்தவர் மனதில் எத்தனை பாணிகள் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாடகருக்குத் தன் பாணி தெரியும். வயலின்காரருக்கு எல்லோருடைய பாணியும் தெரியும், எல்லோரும் தடுமாறும் இடமும் தெரியும். ஒரு ஆசிரியருக்கு இதைவிட நல்ல பயிற்சி என்ன இருக்க முடியும்?

இதனால்தான் வயலின் வித்வான்களிடம் வாய்ப்பாட்டு கற்கும் வழக்கம் நம்மிடம் இவ்வளவு இயல்பாக இருக்கிறது. லால்குடி ஜெயராமனின் சீடர்களில் பாம்பே ஜெயஸ்ரீ, விசாகா ஹரி, சாகேதராமன் எல்லோரும் பாடுகிறவர்கள். இன்றைக்கு ஆர். கே. ஸ்ரீராம்குமாரிடம் கற்ற ராமகிருஷ்ணன் மூர்த்தி, அம்ருதா முரளி இருவரையும் நாம் பாடகர்களாகவே அறிவோம். வேறு நாட்டு இசை மரபில் ஒரு முன்னணி வயலின் கலைஞரைத் தேடிப் பாடகர்கள் குரல் பயிற்சிக்குப் போவார்களா என்று கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நம்மிடம் அது கேள்வியாகவே எழுவதில்லை.

லால்குடியின் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தியாகராஜரின் சீட வழியில் வந்த குடும்பம். அப்பா கோபால ஐயர்தான் குரு. பன்னிரண்டு வயதிலேயே பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கியவர் ஜெயராமன். அவர் வாசிப்பைக் கேட்டால் சாகித்யத்தின் சொற்கள் காதில் விழுவது போலவே இருக்கும். காரணம், வில்லைத் திருப்பும் இடத்தைச் சொல் முடியும் இடத்தோடு பொருத்தியது. குறில், நெடில், ஒற்று எல்லாம் வில்லில் தெரியும். அப்படி வாசிக்க, பாட்டை முதலில் பாடத் தெரிய வேண்டும், அதன் சொல்லைப் பிரிக்கத் தெரிய வேண்டும். அந்த ஆராய்ச்சியை வயலினுக்காகச் செய்தவர், அதையே குரலுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வயலின் வகுப்புக்குள் போனாலும் குரல்தான் முதலில் வரும். ஆரம்ப மாணவர் சில வாரங்கள் வெறும் தந்தியில் நீளமாக வில் போடுவார். அப்புறம் ஆரம்பப் பாடமான சரளி வரிசை. வீணையில் இருப்பது போல மெட்டு (குறுக்குக் கம்பி) கிடையாது, விரல் எங்கே விழ வேண்டும் என்று காட்ட எதுவும் இல்லை. சில ஆசிரியர்கள் ஆரம்பத்தில் விரல்பலகையில் சின்ன டேப் துண்டு ஒட்டிக் கொடுப்பார்கள். பல ஆசிரியர்களுக்கு அது பிடிக்காது, கண்ணை நம்பிப் பழகினால் காது சோம்பிவிடும் என்பார்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ‘க’ என்று ஒற்றை எழுத்துதான் இருக்கும். வாசிக்கும்போது விரல் அந்த ஸ்வரத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு அகலத்தில், எங்கே அழுத்தி, எங்கே விட்டு? எழுதிக் காட்ட முடியாது. ஆசிரியர் பாடிக் காட்டுவார், மாணவர் தப்பாக வாசிப்பார், ஆசிரியர் மறுபடி பாடுவார். ‘பாடிட்டு வாசி’ என்ற வார்த்தையைக் கேட்காமல் எந்த வயலின் மாணவரும் வளர்ந்திருக்க முடியாது. சரியாக வராத வரைக்கும் ஆசிரியரும் தன் வயலினை எடுத்துக் கூடவே வாசிப்பார். பத்தாவது முறையோ ஐம்பதாவது முறையோ, மாணவரின் விரல் ஆசிரியரின் ஒலிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

காதுதான் இங்கே எல்லாம் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்லலாம். துவாரம் வெங்கடசாமி நாயுடுவுக்குப் பார்வை மிகக் குறைவு. எம். சந்திரசேகரன் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவர், அம்மா சாருபாலா மோகன்தான் அவருக்கு வயலின் குரு. இருவருமே சங்கீத கலாநிதிகள். எதிரே உட்கார்ந்திருக்கும் பாடகரின் கையசைவையோ முகத்தையோ பார்க்காமல் பக்கவாத்தியம் வாசிப்பது என்றால், அந்தக் காது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்!

சரி, பணத்துக்கு வருவோம். இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், ஆனால் இது இல்லாமல் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. சபா ஒப்பந்தம் செய்வது பெரும்பாலும் பாடகரைத்தான். பக்கவாத்தியம் யார் என்று சபாவோ பாடகரோ முடிவு செய்வார்கள். சன்மானத்தில் பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் உள்ள இடைவெளி பெரியது. ஒரு பாடகருக்கு ஒரு வயலின்காரரைப் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அந்த ‘செட்’ தொடரும், மனம் மாறினால் அழைப்பும் நின்றுவிடும். கச்சேரி எண்ணிக்கையைத் தன் கையில் வைத்துக்கொள்ள முடியாத தொழில் இது. வானொலி இதில் பலருக்குக் கை கொடுத்தது. அகில இந்திய வானொலி பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் பிரித்துக் கலைஞர்களை அழைத்ததோடு, நிலையக் கலைஞர்களாக மாதச் சம்பளத்துக்கும் வைத்துக்கொண்டது. அடுத்த கதவு, இசைக் கல்லூரி.

அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு விஜயநகரம் நல்ல உதாரணம். ஆந்திரத்தின் அந்த ஊரில் 1919-ல் மகாராஜா இசைக் கல்லூரி தொடங்கியது. ஹரிகதை மேதை ஆதிபட்ல நாராயண தாசு முதல்வர். அங்கே மாணவராகச் சேர வந்த துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, அவரை வயலின் ஆசிரியராகவே நியமித்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவில் வயது. 1936-ல் முதல்வரானார். 1938-ல் வேலூரில் தனி வயலின் கச்சேரி செய்தார். வயலின் என்றாலே பக்கவாத்தியம் என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான காரியம். என் கணிப்பில், அந்தத் துணிச்சலுக்குக் கல்லூரிச் சம்பளமும் ஒரு காரணம். பாடகர் கூப்பிட்டால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர், பாடகரே இல்லாத கச்சேரியை யோசிப்பது கடினம். அந்தக் கல்லூரியில்தான் பின்னாளில் கண்டசாலாவும் பி. சுசீலாவும் படித்தார்கள். தமிழ் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கெல்லாம் அந்தக் கல்லூரியோடு இப்படி ஓர் உறவு இருக்கிறது.

தமிழ்நாட்டில் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி, மியூசிக் அகாடமியின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1949-ல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு சென்னையில் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரி என்று இந்த வரிசை நீண்டது. கடைசியாகச் சொன்ன கல்லூரிதான் பிறகு அடையாற்றங்கரையில் பிராடி காஸில் என்ற பழைய மாளிகைக்குப் போனது. கிருஷ்ணன் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். வீட்டுத் திண்ணையில் குருவோடு இருந்து கற்ற ஒருவர், மணி அடித்தால் வகுப்பு முடியும் இடத்தில் பாடம் நடத்த வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தில் இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குருகுலத்துக்குள் நுழைய வழியே இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, விண்ணப்பப் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்தால் பெரிய வித்வானின் எதிரில் உட்காரலாம் என்ற நிலையைக் கல்லூரிதான் ஏற்படுத்தியது. அந்த லாபத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆசிரியப் பணி குடும்பங்களை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது. கிருஷ்ணனின் தங்கை என். ராஜமும் அதே நாராயண ஐயரிடம் கற்றவர். பிறகு ஓம்கார்நாத் தாக்கூரிடம் இந்துஸ்தானி கற்று, குரலின் வளைவுகளை வயலினில் கொண்டுவரும் பாணியை வளர்த்து, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பாடம் நடத்தினார். அண்ணன் டெல்லியில், தங்கை காசியில். ஒரே தகப்பனாரின் பாடம் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தார். அவர் பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம், எல். சங்கர் மூவரும் சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். 1958-ல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்த பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. ஒரு வாத்தியாரின் வேலை பறிபோன அந்தத் துயரத்திலிருந்துதான், பின்னாளில் உலக மேடைகளில் வாசித்த மூன்று பேரின் சென்னை வாழ்க்கை தொடங்கியது.

பெண்களுக்கு இந்தத் தொழில் இன்னும் இறுக்கமாக இருந்தது. பெண் வயலின் கலைஞரைப் பக்கத்தில் உட்கார வைக்கப் பல ஆண் பாடகர்கள் தயங்கினார்கள். திறமையில் குறை என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அழைப்பு வராது. ஏ. கன்யாகுமாரியின் பாதையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அதே விஜயநகரத்துக்காரர். இவாதுரி விஜேஸ்வர ராவிடமும், பிறகு எம். சந்திரசேகரனிடமும் வயலின் கற்றார். எம். எல். வசந்தகுமாரிக்குப் பல ஆண்டுகள் பக்கவாத்தியம் வாசித்தார், அவரிடமே பாடமும் கேட்டார். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே குருவாகவும் இருந்தார் என்றால், ஒவ்வொரு கச்சேரியும் ஒரு வகுப்புதானே? 2016-ல் அவருக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தது. வயலினுக்காக அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அத்தனை பெண்கள் அத்தனை காலம் வாசித்த பிறகும் 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது நியாயமே இல்லை.

இன்றைக்கு வயலின் ஆசிரியர்களில் பலரின் வருமானம் இணைய வகுப்பிலிருந்து வருகிறது. சென்னையில் விடியற்காலையில் எழுந்து, அமெரிக்காவில் அப்போது மாலைநேரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களின் ஆர்வம் உண்மையானது, கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜர் ஆராதனையே அதற்குச் சாட்சி. கச்சேரி அழைப்பு எண்ணிக்கையை நம்பாமல் வாழ இந்த வகுப்புகள் உதவுகின்றன. கொரோனா காலத்தில் சபாக்கள் மூடியபோது பல வீடுகளைக் காப்பாற்றியதும் இவைதான்.

ஆனால் இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. இணையத்தில் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாகத்தான் போய்ச் சேரும். பேசும்போது அது தெரியாது. இரண்டு வயலின்கள் சேர்ந்து வாசித்தால் உடனே தெரியும், தாளம் நிற்காது. எனவே ஆசிரியர் ஒரு வரி வாசித்து நிறுத்துவார், மாணவர் திருப்பி வாசிப்பார். கூடவே வாசிப்பது என்ற ஒன்று வகுப்பிலிருந்து காணாமல் போகிறது. கேட்டு, நினைவில் வைத்து, திருப்பி வாசிக்கும் பழக்கம் நன்றாக வரும். கேட்கிற அதே நொடியில் சேர்ந்துபோகும் பழக்கம் வராது. பக்கவாத்தியத்துக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். இதைத் தெரிந்த ஆசிரியர்கள் மாணவர்களுக்குப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பி, அதோடு சேர்ந்து தினமும் வாசிக்கச் சொல்கிறார்கள், விடுமுறையில் சென்னைக்கு வரவழைத்து எதிரே உட்கார வைக்கிறார்கள். ஓரளவு பலன் தருகிறது. இருந்தாலும் பதிவில் இருக்கும் பாடகர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் பாடுவார்.

இதே குறை, இணையம் இல்லாத இடத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், மிருதங்கம் போன்றவற்றோடு வயலினும் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கிறது. நல்ல ஏற்பாடு. சபா வட்டாரத்துக்கு வெளியே, சிறு ஊர்களில் வயலின் உயிரோடு இருக்க இந்தப் பள்ளிகளும் ஒரு காரணம். இங்கே வயலின் மாணவர் வயலின் அறையில், குரலிசை மாணவர் குரலிசை அறையில் உட்கார்ந்து தனித்தனியாகக் கற்று முடித்துவிட்டால், மூன்று ஆண்டு கழித்தும் அந்த வயலின் மாணவருக்கு ஒரு பாடகரின் மூச்சைத் தொடர்ந்த அனுபவம் இருக்காது. புதிய கட்டடமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒருவர் பாட இன்னொருவர் வாசிக்க, அதற்கும் மதிப்பெண் உண்டு என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டால் போதும். கூடவே மிருதங்க மாணவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டால் ஒரு முழுக் கச்சேரி செட்டே அந்தப் பள்ளிக்குள் உருவாகிவிடும்.